ஜெல்லாகும் பிளாக் கோபாலிமர்கள்: செய்து பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாலிமர் வேதியியலில் ஆய்வு செய்யும் மாணவர்களுக்காகவும், ஜெல் தயாரிக்கும் வேலையில் இருப்பவர்களுக்காகவும் எழுதியது இது. ஜெல் கெட்டியாக வராவிட்டால் எண்ணெய் சரியில்லை, சூடு போதவில்லை என்றுதான் முதலில் சொல்வார்கள். பெரும்பாலும் கோளாறு அதற்கு முன்பே, பாலிமரைச் செய்த குடுவையில் நடந்து முடிந்திருக்கும். அதனால் தயாரிப்புப் பகுதிக்குத்தான் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

பிளாக் கோபாலிமர் என்றால் என்ன?

ஒரு மானோமரின் (பாலிமர்ச் சங்கிலியைக் கட்டும் சிறு மூலக்கூறின்) நீண்ட தொடர் ஒன்று, அதோடு வேதிப்பிணைப்பால் இணைந்த இன்னொரு மானோமரின் நீண்ட தொடர். இவை ஒரே சங்கிலியில் இருப்பதுதான் பிளாக் கோபாலிமர். இரண்டு தொடர் இருந்தால் டைபிளாக், மூன்று இருந்தால் டிரைபிளாக். இரண்டு மானோமர்களும் கலந்து கலந்து அமைந்தால் அது ரேண்டம் கோபாலிமர். அதற்கு இங்கே வேலை இல்லை.

சில கரைப்பானில் ஜெல்லாகிறது, சிலவற்றில் வெறுமனே கரைந்துபோகிறது. ஏன்?

ஒரு பிளாக்கைக் கரைத்து மற்றொன்றைக் கரைக்காத கரைப்பானைத் தேர்வுக் கரைப்பான் என்கிறோம். ஜெல் உருவாவது அதில்தான். நடுவில் ரப்பர், இரு முனையிலும் பாலிஸ்டைரீன் உள்ள டிரைபிளாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். லிக்விட் பாராஃபினில் போட்டால் நடுப்பகுதி எண்ணெயில் விரிந்து மிதக்கும். முனைகள் எண்ணெயைப் பிடிக்காமல் ஒன்றோடொன்று சேர்ந்து சில பத்து நானோமீட்டர் அளவுள்ள உருண்டைகளாகும். பாலிஸ்டைரீனின் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை (அதற்குக் கீழே பாலிமர் கண்ணாடிபோல் விறைத்து நிற்கும்) சுமார் 100 டிகிரி செல்சியஸ். ஆகவே அறை வெப்பத்தில் அந்த உருண்டைகள் கெட்டியான முடிச்சுகளாக நிற்கும். முடிச்சுக்கு முடிச்சு ரப்பர்ச் சங்கிலி ஓடும், இடையில் எண்ணெய் அடைபட்டுக் கிடக்கும்.

அதே பாலிமரை டொலுவீனில் போட்டால் இரண்டு பகுதியும் கரைந்துவிடும். கையில் இருப்பது குழகுழப்பான கரைசல், அவ்வளவுதான். கரைதிறன் அளவெண்ணைப் பார்த்தாலே இது விளங்கும். பாலிஸ்டைரீனுக்குச் சுமார் 18.5, டொலுவீனுக்கு 18.2, ஹெக்சேனுக்கு 14.9 (அலகு, மெகாபாஸ்கலின் வர்க்கமூலம்). எண்கள் நெருங்கினால் கரையும், விலகினால் கரையாது. இது முதல் தோராயத்துக்குப் போதும். தண்ணீர், ஆல்கஹால் போன்ற ஹைட்ரஜன் பிணைப்புள்ள கரைப்பான்களில் இந்த ஒற்றை எண்ணை நம்பாதீர்கள்.

டைபிளாக் போதாதா? மூன்று பிளாக் எதற்கு?

டைபிளாக்குக்கு ஒட்டும் முனை ஒன்றுதான். அது ஓர் உருண்டைக்குள் புகுந்த பிறகு மறுமுனை எண்ணெயில் சும்மா அசைந்துகொண்டிருக்கும். அடுத்த உருண்டையோடு அதற்குத் தொடர்பு இல்லை. டிரைபிளாக்கின் இரு முனைகளும் இரண்டு வெவ்வேறு உருண்டைகளுக்குள் போனால் அது பாலம். இரண்டும் ஒரே உருண்டைக்குத் திரும்பினால் வளையம். ஜெல்லை இழுத்தால் தாங்குவது பாலங்கள். வளையங்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டால் மட்டுமே உதவும்.

ஆனால் டைபிளாக்கில் ஜெல்லே வராது என்று சொல்ல முடியாது. செறிவை ஏற்றிக்கொண்டே போனால் மைசெல்கள் (உருண்டையும் அதைச் சுற்றி அசையும் முனைகளும் சேர்ந்தவை) நெருங்கி, நகர இடமில்லாமல், படிகம்போல் அடுக்கி நின்றுவிடும். குப்பியைக் கவிழ்த்தால் விழாது. ஆனால் இந்த ஜெல்லின் மேல் கூடுதல் கரைப்பானை ஊற்றினால் அடுக்கு குலைந்து கரைந்துவிடும். பாலங்கள் உள்ள ஜெல் வீங்குமே தவிர எளிதில் கரையாது. உங்களுக்கு எந்த வகை வேண்டும் என்பதை மானோமர் வாங்குவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். பிற்பாடு மாற்றவே முடியாத முடிவு இது.

எந்தக் கரைப்பானுக்கு எந்தச் சங்கிலி?

நன்கு ஆராயப்பட்ட மூன்று சேர்க்கைகளைச் சொல்கிறேன்.

எண்ணெய், பாராஃபின் வகைக்கு: பாலிஸ்டைரீன்–பாலிஐசோப்ரீன்–பாலிஸ்டைரீன், அதாவது எஸ்.ஐ.எஸ்.; அல்லது நடுவில் பாலிபியூட்டாடையீன் வைத்து ஹைட்ரஜன் ஏற்றிய எஸ்.இ.பி.எஸ்.

ஆல்கஹால் வகைக்கு: இரு முனையிலும் பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட், நடுவில் பாலிபியூட்டைல் அக்ரிலேட். 2-எத்தில்ஹெக்சனாலில் இது சூட்டில் நீர்போல ஓடும், ஆறியதும் ஜெல்லாகும், மறுபடி சூடாக்கினால் மறுபடி ஓடும். இந்த மாற்றம் மிகத் தெளிவாக நடப்பதால் ஜெல் இயற்பியலைப் படிப்பவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்பது என் கருத்து.

தண்ணீருக்கு: பாலிஎத்திலீன் ஆக்சைடு தண்ணீரை விரும்பும் பிளாக். அதோடு பாலிப்ரொப்பிலீன் ஆக்சைடு சேர்ந்தால் போலாக்சமர். லாக்டிக், கிளைகாலிக் அமிலங்களின் கோபாலியெஸ்டர் சேர்ந்தால் உடலில் சிதையும் ஜெல்.

எஸ்.ஐ.எஸ். எப்படிச் செய்கிறார்கள்?

எதிரயனிப் பாலிமராக்கம் என்ற முறையில்; இதில் சங்கிலியின் வளர்முனை எதிர்மின்னூட்டத்தோடு இருக்கும். 1956-ல் மைக்கேல் ஸ்வார்க்கும் அவருடைய குழுவினரும் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் இதைக் காட்டினார்கள். டி.எச்.எஃப். (டெட்ராஹைட்ரோஃபியூரான், ஓர் ஈதர்) கரைப்பானில் சோடியம் நாஃப்தலினைடின் பச்சைக் கரைசலில் ஸ்டைரீன் விழுந்ததும் நிறம் சிவப்பானது. மானோமர் தீர்ந்த பிறகும் அந்தச் சிவப்பு போகவில்லை. இன்னும் ஸ்டைரீன் ஊற்றியபோது சங்கிலி மேலும் வளர்ந்தது. வளர்முனை சாகவில்லை என்பதால் 'உயிருள்ள பாலிமர்' என்று பெயரிட்டார்கள். ஸ்டைரீனுக்குப் பதில் வேறொரு மானோமரை ஊற்றினால் அதே சங்கிலியில் அடுத்த பிளாக் வளரும். இந்தத் துறை முழுவதும் அந்த ஒரு கவனிப்பிலிருந்து கிளைத்தது. அந்தக் குழுவிலிருந்த ரால்ஃப் மில்கோவிச் பின்னர் ஷெல் நிறுவனத்தில் சேர்ந்தார். 1960-களின் நடுவில் ஷெல் கிராட்டான் என்ற பெயரில் இந்த வகை டிரைபிளாக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

இன்று ஆய்வகத்தில் செய்யும் முறை இது. முனைகள் தலா 10,000, நடு 80,000 மூலக்கூறு எடை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 500 மி.லி. உலர்ந்த சைக்ளோஹெக்சேனில் 10 கிராம் ஸ்டைரீன். அதில் தொடக்கியாக 1 மில்லிமோல் செக்-பியூட்டைல் லித்தியம்; கடையில் கிடைக்கும் 1.4 மோலார் கரைசல் என்றால் சுமார் 0.71 மி.லி. கிராமை மோலால் வகுத்தால் 10,000, முதல் பிளாக்கின் எடை. கரைசல் ஆரஞ்சு நிறமாகும். சூட்டை 40 முதல் 50 டிகிரியில் வையுங்கள். பாலிஸ்டைரீனுக்குச் சைக்ளோஹெக்சேனில் தீட்டா வெப்பநிலை 34.5 டிகிரி. அதற்குக் கீழே அது நல்ல கரைப்பான் அல்ல.

ஸ்டைரீன் முழுக்கத் தீர்ந்த பிறகு 40 கிராம் ஐசோப்ரீன். ஆரஞ்சு நிறம் சில நொடிகளில் வெளிர்மஞ்சளாக இறங்கும். முனை ஸ்டைரீனிலிருந்து ஐசோப்ரீனுக்கு மாறிவிட்டது என்பதைக் கண்ணால் பார்க்கும் இடம் இது. ஐசோப்ரீன் 34 டிகிரியிலேயே கொதிக்கும், வினை வெப்பத்தையும் உமிழும். ஆகவே அழுத்தம் தாங்கும் கலம் கட்டாயம், குளிர்நீர்த் தொட்டியும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இப்போது கையில் இருப்பது 10,000–40,000 அளவில் உயிரோடிருக்கும் டைபிளாக். இரண்டிரண்டாக இணைத்தால் வேண்டிய டிரைபிளாக். இணைப்பான் டைகுளோரோடைமெத்தில்சிலேன், 0.5 மில்லிமோல், அதாவது சுமார் 65 மில்லிகிராம். இதை ஒரே தடவையில் கொட்டாதீர்கள். கூடிப்போனால் ஒவ்வொரு சங்கிலியும் தனித்தனி இணைப்பானைப் பிடித்துக்கொண்டு டைபிளாக்காகவே நின்றுவிடும். கொஞ்சம் குறைவாகத் தொடங்கி, மாதிரி எடுத்து ஜி.பி.சி.யில் (சங்கிலிகளை அளவுவாரியாகப் பிரித்து எடையைக் காட்டும் கருவி) பார்த்து, மீதியைச் சேர்ப்பது நல்லது. கடைசியில் காற்று நீக்கிய மெத்தனாலால் வினையை நிறுத்தி, மிகுதியான மெத்தனாலில் வீழ்படியச் செய்து, ஆக்சிஜனேற்றத் தடுப்பான் சேர்த்து, வெற்றிடத்தில் உலர்த்துங்கள்.

இணைப்பான் எதற்கு? மூன்றாவதாக மறுபடி ஸ்டைரீனையே ஊற்றலாமே?

ஊற்றலாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் ஸ்டைரீன் முனையிலிருந்து ஐசோப்ரீனுக்குத் தாண்டுவது வேகம், திரும்பித் தாண்டுவது மெதுவு. சில சங்கிலிகளில் ஸ்டைரீன் பிளாக் முன்னதாகத் தொடங்கி நீளமாகும், சிலவற்றில் தாமதமாகிக் குட்டையாகும். சிறிதளவு டி.எச்.எஃப். சேர்த்தால் தாண்டுதல் வேகமாகும். அதை ஐசோப்ரீன் தீர்ந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். முன்பே சேர்த்தால் ஐசோப்ரீன் 1,4 முறையில் (எண்கள், எந்தக் கார்பன்கள் வழியாக இணைகிறது என்பதைக் குறிக்கும்) இணையாமல் 3,4 முறைக்குப் போய், ரப்பரின் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை ஏறிவிடும்.

இரு முனையும் சம நீளமாக வேண்டுமானால் இணைப்பான் வழி. ஒரு சொட்டு டைபிளாக்கும் மிஞ்சக் கூடாது என்றால் மூன்று படி வழி.

தண்ணீர் விஷயத்தில் ஏன் இவ்வளவு கெடுபிடி?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 மி.லி. சைக்ளோஹெக்சேனின் எடை சுமார் 390 கிராம். அதில் பத்து லட்சத்தில் 50 பங்கு தண்ணீர் இருந்தால் 19.5 மில்லிகிராம், அதாவது 1.08 மில்லிமோல். உங்கள் தொடக்கி மொத்தமே 1 மில்லிமோல்தான். வினை தொடங்கவே தொடங்காது.

முழுக்கச் செத்துப்போனால் கூடப் பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். பாதி செத்தால்தான் சிக்கல். அசுத்தம் எந்தக் கட்டத்தில் நுழைந்தது என்பதைப் பொறுத்து விளைவு மாறும்.

முதல் கட்டத்தில் தொடக்கியைத் தின்றால் சேதம் குறைவு. பத்தில் ஒரு பங்கு தொடக்கி போனால் மீதிச் சங்கிலிகள் 10,000-க்குப் பதில் சுமார் 11,100 ஆக வளரும். பாலிமர் சுத்தமாகவே இருக்கும், எடைதான் கூடும்.

ஐசோப்ரீனோடு அசுத்தம் வந்தால், அந்தக் கணமே ஒரு பங்கு பாலிஸ்டைரீன் முனைகள் சாகும். அவை தனிப் பாலிஸ்டைரீனாக மிஞ்சும். எண்ணெயில் போட்டால் கரையாமல் ஜெல்லை மங்கலாக்கும். ஜி.பி.சி.யில் சிறிய எடைப் பக்கத்தில் தனி மேடாகத் தெரியும்.

இணைக்கும் கட்டத்தில் வந்தால் டைபிளாக் மிஞ்சும். இதுதான் மிக மோசம் என்பேன், ஏனென்றால் பார்வைக்கு எதுவும் தெரியாது. ஜெல் தெளிவாக இருக்கும், நிறம் நன்றாக இருக்கும், ஆனால் தொட்டால் தளர்ந்திருக்கும். எண்ணெயைக் குறை சொல்லும் பேச்சு தொடங்குவது இங்கேதான்.

ஆகவே ஐசோப்ரீனை ஸ்டைரீனைவிடக் கவனமாகச் சுத்தம் செய்யுங்கள். ஸ்டைரீனைக் கால்சியம் ஹைட்ரைடின் மேல் வைத்து, பிறகு டைபியூட்டைல் மெக்னீசியத்தின் மேலிருந்து வடிப்பார்கள். ஐசோப்ரீனை 0 டிகிரியில் என்-பியூட்டைல் லித்தியத்தோடு கொஞ்ச நேரம் வைத்து வடிப்பது வழக்கம். அதிக நேரம் விட்டால் அங்கேயே பாலிமராகிவிடும்.

என்-பியூட்டைல் லித்தியம் விலை குறைவு. அதையே தொடக்கியாகப் பயன்படுத்தலாமா?

சைக்ளோஹெக்சேனில் ஸ்டைரீனுக்கு வேண்டாம். அது மெதுவாகத் தொடங்குவதால் சங்கிலிகள் வெவ்வேறு நேரத்தில் பிறக்கும், எடைப் பரவல் அகலமாகும்.

எஸ்.இ.பி.எஸ். என்பது என்ன? அது ஏன் எல்லா இடத்திலும் இருக்கிறது?

எஸ்.ஐ.எஸ்.ஸின் நடுப்பகுதியில் இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. சூட்டிலும் வெயிலிலும் ஆக்சிஜன் அவற்றைத் தாக்கும். நடுவில் பாலிபியூட்டாடையீன் வைத்து, பிறகு ஹைட்ரஜன் ஏற்றிவிட்டால் அந்தப் பலவீனம் போய்விடும். ஜெல் மெழுகுவர்த்தி, ஒளியிழைக் கேபிளுக்குள் நிரப்பும் ஜெல், அல்ட்ராசவுண்ட் பயிற்சிக்கான மாதிரித் திசு, எல்லாவற்றிலும் இந்தக் குடும்பம் இருக்கிறது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பியூட்டாடையீன் முழுக்க 1,4 முறையில் இணைந்திருந்தால், ஹைட்ரஜன் ஏற்றிய பின் அது கிட்டத்தட்ட பாலித்தீன். படிகமாகி, எண்ணெயில் கரையாமல் விறைக்கும். அதனால் பாலிமராக்கும்போதே சிறிது ஈதர் வகைச் சேர்மத்தைச் சேர்த்து 1,2 இணைப்பை 35 முதல் 40 சதவீதம் வரை ஏற்றுகிறார்கள். அந்தக் கிளைகள் படிகமாவதைத் தடுக்கும். எஸ்.ஐ.எஸ்.ஸில் தவறாகப் போன அதே ஈதர் இங்கே தேவையாகிறது.

தொழிற்சாலையில் நிக்கல்–அலுமினிய அல்கைல் வினையூக்கியும் ஹைட்ரஜன் அழுத்தமும். அழுத்தக் கலம் இல்லாத ஆய்வகத்தில் பாரா-டொலுவீன்சல்ஃபோனைல் ஹைட்ரசைடைச் சைலீனில் கொதிக்கவைத்து அதே வேலையைச் செய்யலாம். அப்போது அமிலம் வெளிப்படும் என்பதால் ஓர் அமீனையும் சேர்ப்பார்கள்.

காற்றும் ஈரமும் படாமல் வேலை செய்ய வெற்றிட வரிசை, உலர்பெட்டி எதுவும் இல்லை. வேறு வழி?

கட்டுப்படுத்திய தனி உறுப்பு (ஃப்ரீ ராடிக்கல்) முறைகள் இருக்கின்றன. ஏ.டி.ஆர்.பி. 1995-லும், ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. கொண்டுவந்த ராஃப்ட் 1998-லும் வெளிவந்தன. ஆக்சிஜனை விரட்டினால் போதும், ஈரத்தைக் கண்டு இவ்வளவு பயப்பட வேண்டியதில்லை.

ராஃப்டில் வரிசை முக்கியம். மெத்தாக்ரிலேட்டை முதலில் வளர்த்து, பிறகு அக்ரிலேட் அல்லது ஸ்டைரீன். தலைகீழாகச் செய்தால் முதல் பிளாக் சரியாகக் கழன்று இரண்டாவதைத் தொடங்காது.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. டைபென்சைல் டிரைதயோகார்பனேட் போன்ற சமச்சீர் ராஃப்ட் காரணியை (சங்கிலி வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் கந்தகச் சேர்மம்) பயன்படுத்தினால் இரண்டே படியில் டிரைபிளாக் கிடைக்கும், வேலை சுலபம். ஆனால் கந்தகக் குழு சங்கிலியின் நட்ட நடுவில் உட்கார்ந்திருக்கும். மஞ்சள் நிறத்தைப் போக்க அமீன் ஊற்றினால் அந்த இடத்தில் சங்கிலி இரண்டாகும். டிரைபிளாக் அனைத்தும் டைபிளாக் ஆகும், ஜெல் போயே போய்விடும். மஞ்சள் நிறத்தோடு வாழப் பழகிக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் ஜெல்லாகும் போலாக்சமரை நானே செய்யலாமா?

வேண்டாம். புரொப்பிலீன் ஆக்சைடும் எத்திலீன் ஆக்சைடும் தேவை. எத்திலீன் ஆக்சைடு 10.7 டிகிரியில் கொதிக்கும் வாயு, வெடிக்கும், புற்றுநோய் உண்டாக்கும். விலைக்கு வாங்குவதுதான் புத்திசாலித்தனம். போலாக்சமர் 407-ஐத்தான் புளுரானிக் எஃப்127 என்கிறார்கள். புளுரானிக் பெயரிலேயே அளவு இருக்கிறது: 12-ஐ 300-ஆல் பெருக்கினால் நடு பிளாக்கின் எடை தோராயமாக 3,600. கடைசி 7, எத்திலீன் ஆக்சைடு 70 சதவீதம் என்பதைச் சொல்கிறது. எஃப் என்றால் செதிலாக வரும் திண்மம்.

இதில் கரையாத பிளாக் நடுவில் இருப்பதைக் கவனியுங்கள். முன்பு சொன்ன பாலங்கள் இங்கே இல்லை. சூடேறும்போது நடுப்பகுதியைச் சுற்றியிருந்த தண்ணீர் விலகி, மைசெல்கள் உருவாகி, நெருக்கமாக அடுக்கி நிற்பதால் வரும் ஜெல். அதனால்தான் 20 சதவீத அளவு தேவைப்படுகிறது, அதனால்தான் தண்ணீர் அதிகமானால் கரைந்துவிடுகிறது. உப்பு சேர்த்தால் ஜெல்லாகும் வெப்பநிலை இறங்கும்.

சொந்தமாகச் செய்தே ஆக வேண்டுமென்றால், இரு முனையிலும் ஹைட்ராக்சில் உள்ள பாலிஎத்திலீன் கிளைகாலில் லாக்டைடையும் கிளைகோலைடையும் வளர்க்கலாம். வினையூக்கி ஸ்டேனஸ் ஆக்டோயேட், வெப்பம் 130 முதல் 150 டிகிரி. கிளைகாலை வெற்றிடத்தில் சூடாக்கி நன்கு உலர்த்துங்கள். மிஞ்சிய தண்ணீர் தானே தொடக்கியாகித் தனிப் பாலியெஸ்டரை உண்டாக்கும்.

எஃப்127 தண்ணீரில் கட்டி கட்டியாக நிற்கிறதே?

வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டிருப்பீர்கள். செதிலின் வெளிப்பக்கம் உடனே ஜெல்லாகி, உள்ளே தண்ணீர் புகாமல் தடுக்கும். 4, 5 டிகிரிக் குளிர்நீரில் தூவி, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் தெளிந்த, ஓடும் கரைசல் இருக்கும். வெளியே எடுத்து வைத்தால் குப்பிச் சுவரிலிருந்து உள்நோக்கி இறுகுவதைப் பார்க்கலாம்.

எண்ணெய் ஜெல்லை எப்படிப் போடுவது?

நெருக்கடி இல்லாமல் செய்யுங்கள். எஸ்.இ.பி.எஸ். தூளை அறை வெப்பத்து எண்ணெயில் கிளறி, பல மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு நைட்ரஜன் கீழ் 120 முதல் 150 டிகிரி வரை, மெதுவாகக் கிளறியபடி. வேகமாகக் கிளறினால் காற்றுக்குமிழ் புகுந்து, ஆறியபின் வெளியேறாது. தெளிந்ததும் கிளறுவதை நிறுத்தி, வெற்றிட அடுப்பில் சூடாகவே சிறிது நேரம் வைத்து ஊற்றுங்கள். திறந்த தீ கூடாது.

5 சதவீதத்தில் மிக மென்மையாகவும், 10-ல் கையில் எடுக்கும்படியும், 20-ல் உறுதியான ரப்பர் போலவும் வரும். இவை நீளச் சங்கிலி ரகங்களுக்கு. குட்டைச் சங்கிலி என்றால் இன்னும் அதிகம் தேவை.

ஜெல்தானா, வெறும் கெட்டித் திரவமா என்று எப்படி உறுதிப்படுத்துவது?

குப்பியைக் கவிழ்த்துப் பார்ப்பது முதல் சோதனை. ஆனால் மிகக் கெட்டியான திரவமும் சில நிமிடம் விழாமல் நிற்கும். ஒரு நாள் கவிழ்த்தே வையுங்கள். ரியோமீட்டர் (பொருள் எவ்வளவு மீள்கிறது, எவ்வளவு ஓடுகிறது என்று அளக்கும் கருவி) இருந்தால் அதிர்வெண்ணை மாற்றி அளந்து பாருங்கள். மீள்தன்மைக் குணகம் இழப்புக் குணகத்தைவிட மேலே, கிட்டத்தட்டக் கிடைக்கோடாக, தாழ்ந்த அதிர்வெண் வரை ஓடினால் ஜெல். தாழ்ந்த பக்கம் இரண்டு கோடுகளும் வெட்டிக்கொண்டால், பொறுமையாகக் காத்திருந்தால் ஓடிவிடும் திரவம் அது.

ஜெல் மங்கலாக இருக்கிறது, அல்லது எண்ணெய் கசிகிறது. பாலிமர் கெட்டுவிட்டதா?

மங்கல் என்றால் தனிப் பாலிஸ்டைரீன், மிஞ்சிய ஈரம், சரியாகக் கரையாத துகள், இந்த மூன்றையும் வரிசையாகச் சந்தேகப்படுங்கள். மீண்டும் சூடாக்கித் தெளிந்தால் கடைசிக் காரணம்தான். கசிவுக்கு எண்ணெயின் வகையையும் பாருங்கள். நடு பிளாக்கை அரைகுறையாகக் கரைக்கும் எண்ணெய் வெளியேறும். அரோமாட்டிக் அதிகமுள்ள எண்ணெய் நேர்மாறு. அது பாலிஸ்டைரீன் உருண்டைக்குள்ளேயே நுழைந்து முடிச்சை இளக்கும், ஜெல் கோடை வெயிலிலேயே தொங்கும்.

ஜி.பி.சி.யைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. கருவி பாலிஸ்டைரீன் அளவுகோலால் சீரமைக்கப்பட்டிருந்தால் ஐசோப்ரீன் பகுதியின் எடையை உள்ளதைவிடப் பெரிதாகக் காட்டும். பிளாக் விகிதத்தை என்.எம்.ஆரில் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) எடுங்கள். முதல் பிளாக் முடிந்ததும் எடுத்த மாதிரியின் எடையை அடிப்படையாக வைத்துக் கணக்கிடுங்கள். அந்த மாதிரியை எடுக்க மறந்தால் பிறகு எந்தக் கருவியாலும் ஈடுகட்ட முடியாது.

முதல் முறை செய்பவர் எங்கிருந்து தொடங்கலாம்?

கடையில் வாங்கிய எஸ்.இ.பி.எஸ்., லிக்விட் பாராஃபின், 10 சதவீதம். அதே எண்ணெயில், பாலிமரின் மொத்த அளவை மாற்றாமல், கால் பங்கை ஹைட்ரஜன் ஏற்றிய ஸ்டைரீன்–ஐசோப்ரீன் டைபிளாக்காக மாற்றி இன்னொரு ஜெல். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து விரலால் அழுத்தி, ரியோமீட்டரிலும் அளந்துவையுங்கள். பிறகு உங்கள் சொந்த டிரைபிளாக்கில் எவ்வளவு டைபிளாக் மிஞ்சியிருக்கக்கூடும் என்று மதிப்பிட அந்த இரண்டு எண்களும் கையில் இருக்கும். செக்-பியூட்டைல் லித்தியம் காற்றுப்பட்டால் தீப்பற்றும். அதை முதன்முதலில் எடுக்கும் நாளில், அனுபவம் உள்ள ஒருவர் பக்கத்தில் நிற்காமல் ஊசியைப் புட்டியில் குத்தாதீர்கள்.